வீட்டுக்கு ஓட்டிப் பார்த்த கார்

மெட்ரோவில் நின்றுகொண்டு கேட்பவர்கள், பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பவர்கள், எல்லோருக்கும் வணக்கம். பைக் ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க மட்டும் தயவுசெஞ்சு ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க. இன்னைக்கு எபிசோடுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, கடைசியில் சொல்றேன்.

இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு காரைப் பற்றி. கடைக்கு வராத கார். அதற்காகவே கார் பைத்தியங்கள் இருபத்தைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கும் கார்.

முதல் முறை நான் அதைப் பார்த்தது ஒரு வீடியோ கேம் கடையில். பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்க தெருமுனையில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் விளையாட விடுவார்கள். அங்கே 'கிரான் டூரிஸ்மோ 4' இருந்தது. அதில் நூற்றுக்கணக்கான கார்கள். ஒரு நாள் லிஸ்ட்டில் கீழே போய்க்கொண்டே இருக்கும்போது 'டிவிஆர் செர்பெரா ஸ்பீட் 12' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. பேரே கேள்விப்பட்டதில்லை. எடுத்தேன். ஸ்டார்ட் ஆனதும் பட்டனை ஒரே அமுக்கு. கார் முன்னால் போகவில்லை. பின்பக்கம் வழுக்கி, அப்படியே ஒரு சுற்று சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைக்கார அண்ணன் சிரித்தார். "டேய், அதை எடுக்காதடா. அது ஓடாது, சுத்தும்."

அது கேம்காரங்க பண்ண வேலைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். நிஜக் கதை தெரிந்தது பல வருஷம் கழித்து.

கதை நடப்பது பிளாக்பூலில். இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் பக்கம் இருக்கும் ஒரு கடற்கரை ஊர். கடலோரத்தில் இரும்புக் கோபுரம், ரோலர் கோஸ்டர், ராட்டினம் என்று குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிற ஊர். ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற ஊர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் 1940களின் பிற்பகுதியில் ட்ரெவர் வில்கின்சன் என்ற இளைஞர் அங்கே ஒரு பட்டறை ஆரம்பித்தார். பதினாலு வயசிலேயே படிப்பை விட்டுவிட்டு கராஜில் வேலை கற்றுக்கொண்டவர். தன் பெயரான 'ட்ரெவர்' என்பதிலிருந்து மூன்று எழுத்துகளை எடுத்து கம்பெனிக்குப் பெயர் வைத்தார்: டிவிஆர்.

அதற்குப் பிறகு கம்பெனி பல கை மாறியது. 1981இல் அதை வாங்கியவர் பீட்டர் வீலர். கெமிக்கல் எஞ்சினியர். அதுக்கு முன்னாடி அவரே ஒரு டிவிஆர் கஸ்டமர்தான். கார் பிடிச்சிருந்தது, கம்பெனியையே வாங்கிட்டார். நம்மில் யாருக்கும் இந்தப் பிரச்சினை வராது, கவலைப்படாதீங்க.

வீலர் காலத்து டிவிஆர் எப்படி இருக்கும் என்றால், இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு சேசிஸ், அதற்கு மேல் ஃபைபர்கிளாஸ் பாடி. எடை குறைவு, எஞ்சின் பெரிது, சத்தம் அதைவிடப் பெரிது. பெரிய கம்பெனிகள் ஒரு நாளில் இறக்குகிற எண்ணிக்கைகூட இவர்களுக்கு ஒரு வருஷத்தில் வராது. இன்னொரு விஷயம்தான் முக்கியம். வீலரின் கார்களில் ஏபிஎஸ் கிடையாது. ஏர்பேக் கிடையாது. சக்கரம் வழுக்கினால் சக்தியைத் தானாகக் குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் கிடையாது. காசு மிச்சம் பண்ண மட்டும் அப்படிச் செய்யவில்லை. அது அவருடைய கொள்கை. இந்தக் கருவிகள் எல்லாம் ஓட்டுபவனுக்கு இல்லாத தைரியத்தைக் கொடுக்கும், அந்த தைரியம்தான் ஆபத்து என்பது அவர் கட்சி.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏபிஎஸ் உயிரைக் காப்பாற்றும், ஏர்பேக் உயிரைக் காப்பாற்றும், அதில் விவாதமே வேண்டாம். ஆனால் அவர் என்ன நினைத்தார் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்பி வரப்போகிறது.

1996. பர்மிங்ஹாம் மோட்டார் ஷோ. டிவிஆர் ஸ்டாலில் 'ப்ராஜெக்ட் 7/12' என்ற பெயரில் ஒரு புது கார் நிற்கிறது. 7 என்பது லிட்டர், 12 என்பது சிலிண்டர். சரியாகச் சொன்னால் 7.7 லிட்டர். கம்பெனி சொந்தமாக ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கியிருந்தது. அதில் இரண்டை எடுத்து ஒரே கிராங்க் ஷாஃப்டில் சேர்த்தால் பன்னிரண்டு. டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை. வெறும் கொள்ளளவு. வழக்கமாக இப்படிப்பட்ட எஞ்சினுக்கு பிளாக்கை அலுமினியத்தில் வார்ப்பார்கள். இவர்கள் ஸ்டீலில் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் உலகின் வேகமான கார் என்றால் மெக்லாரன் எஃப்1. 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்ட கார் அது. எஞ்சின் பிஎம்டபிள்யூவிடமிருந்து, சக்தி 627 குதிரை. அதை முந்துவோம் என்று ராட்டின ஊரிலிருந்து ஒரு சின்ன கம்பெனி கிளம்புகிறது. இங்கிலாந்து பத்திரிகைகள் சும்மா விடுமா? முன்பதிவும் வர ஆரம்பித்தது.

இதன் முதல் நோக்கம் ரேஸ்தான். அப்போது ஜிடி1 என்று ஒரு பந்தயப் பிரிவு இருந்தது. ரேஸில் ஓடும் காருக்கு, ரோட்டில் ஓடும் வடிவமும் ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதனால்தான் ரோடு காரும் செய்ய வேண்டி வந்தது. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, எஞ்சின் தயார். எவ்வளவு சக்தி வருகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு டைனமோமீட்டர் என்று ஒரு மெஷின் உண்டு, சுருக்கமாக டைனோ. எஞ்சினை அதில் மாட்டி முழு வேகத்தில் ஓட விட்டால் எண்ணைக் காட்டும். இவர்கள் பயன்படுத்திய டைனோ 1000 குதிரை வரை தாங்கக்கூடியது. எஞ்சினை மாட்டினார்கள், முடுக்கினார்கள். டைனோவின் ஷாஃப்ட் உடைந்துவிட்டது.

அப்புறம் என்ன பண்ணாங்க? எஞ்சினின் ஒரு பக்கத்து ஆறு சிலிண்டரைத் தனியாகவும், மறு பக்கத்து ஆறைத் தனியாகவும் அளந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் 480. கூட்டினால் 960. இன்றைக்கும் இந்தக் காரைப் பற்றி எங்கே படித்தாலும் 960 என்றுதான் போட்டிருக்கும். அந்த 960ஐ யாரும் மொத்தமாக அளந்து பார்க்கவில்லை. அது ஒரு கூட்டல் கணக்கு.

960 என்றால் என்னவென்று புரிய, நம்ம ஊரில் ஓடும் ஸ்விஃப்ட் காரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 80, 90 குதிரை. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பீட் 12-இன் எடையும் கிட்டத்தட்ட ஒரு டன்தான். அதாவது ஒரு ஸ்விஃப்ட் எடைக்குப் பத்து ஸ்விஃப்ட்டின் எஞ்சின். அவ்வளவு சக்தியும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்.

இங்கே கொஞ்சம் இயற்பியல், பயப்படாதீங்க. ஒரு கார் சாலையைத் தொடுவது டயரின் அடிப்பக்கம் மட்டும். ஒவ்வொரு டயரிலும் கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு இடம். எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும், அந்த உள்ளங்கை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் சாலைக்குப் போகும். மிச்சம், சக்கரத்தைச் சும்மா சுழற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு டன் காரில், சாதாரண ரோட்டு டயரில், மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போதுகூட 960-இல் பாதியைத் தரையில் இறக்க வழியில்லை. அதாவது நூறில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகலாம். மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். லங்காஷயரில் மழைக்குப் பஞ்சம் இல்லை. கடைக்கார அண்ணன் சொன்னது சரிதான். கேம் பொய் சொல்லவில்லை.

இப்போது அந்த சாயங்காலத்துக்கு வருவோம்.

ரோட்டு வடிவம் தயாராகிறது. செர்பெரா ஸ்பீட் 12 என்று பெயர். பீட்டர் வீலர் சாவியை எடுத்துக்கொண்டு அந்த புரோட்டோடைப்பை வீட்டுக்கு ஓட்டிப்போனார். இவர் யாரு? ஏபிஎஸ் எதுக்கு, ஏர்பேக் எதுக்குன்னு கேட்டவர். தன் கம்பெனி காரை ரேஸில் தானே ஓட்டியவர். இங்கிலாந்திலேயே முரட்டுக் கார் விற்பவர். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன முடிவு: இது ரோட்டுக்கு ஆகாது, சக்தி ரொம்ப அதிகம். விற்கும் திட்டம் கைவிடப்பட்டது. முன்பதிவுகள் ரத்து. புரோட்டோடைப்களைப் பிரித்து, ரேஸ் காருக்கு உதிரி பாகங்களாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையை ஒரு நீதிக்கதை மாதிரி சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாக இருக்காது. அவர் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு வசதியான காரணமும் ஒன்று இருந்தது. ஜிடி1 விதியைச் சொன்னேன் இல்லையா? பெரிய கம்பெனிகள் அந்தப் பிரிவையே தலைகீழாக்கிவிட்டார்கள். போர்ஷே, மெர்சிடிஸ் எல்லாம் ரேஸ் காரை முதலில் செய்துவிட்டு, பேருக்கு ஒரு ரோடு காரைக் காட்டினார்கள். 1998 சீசனில் எல்லாப் பந்தயத்தையும் மெர்சிடிஸே ஜெயித்தது. அடுத்த வருஷம் பிரிவே இல்லை. ஆக, ரோடு கார் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஸ்பீட் 12-இன் ரேஸ் வடிவம் அப்புறம் உள்நாட்டில் பிரிட்டிஷ் ஜிடி போட்டிகளில் ஓடியது, சில பந்தயங்களில் ஜெயிக்கவும் செய்தது. அது வேறு கதை.

அதோடு வீலர் ஒன்றும் மகான் இல்லை. அதே காலத்தில் அவர் விற்ற மற்ற கார்களிலும் ஏபிஎஸ் இல்லை. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஆரம்பத்தில் நிறைய கோளாறு, கஸ்டமர்கள்தான் அவதிப்பட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், அந்த சாயங்காலம் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. பாருங்கள், சக்தி மட்டும்தான் பிரச்சினை என்று சொல்ல முடியாது. 2005இல் புகாட்டி வேய்ரான் 1001 குதிரை சக்தியோடு கடைக்கே வந்தது. யார் வேண்டுமானாலும், அதாவது காசு இருக்கிற யார் வேண்டுமானாலும், ஓட்டலாம். ஆனால் அதன் எடை கிட்டத்தட்ட 1.9 டன். சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகும். இடையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, நொடிக்கு நொடி சக்கரத்தைக் கவனித்து, தேவைக்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்பீட் 12-இல் அப்படி யாரும் இடையில் இல்லை. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொன்னவர் வீலர். அப்படியானால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிற வேலை ஒரு மனுஷன் தலையில்தான் விழும். அவர் தலையில் விழுந்தது. அவர் நிறுத்தினார்.

இப்போ நான் ஏன் இந்தக் கதையைச் சொல்றேன்னு சொல்லிடறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். பெயர் வேண்டாம். டெலிவரி செய்கிறவர்கள் பயன்படுத்தும் ஆப் அது. அதில் புதிதாக ஒரு டைமர் சேர்த்தார்கள். நேரம் நிறைய இருந்தால் பச்சை. குறையக் குறைய மஞ்சள். கடைசி ரெண்டு நிமிஷம் சிவப்பு, கூடவே பீப் சத்தம். ஆபீஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதித்தேன். கலர் சரியான நொடியில் மாறுகிறதா, நெட் போய் வந்தால் டைமர் ஒழுங்காகத் தொடர்கிறதா, பேட்டரி எவ்வளவு சாப்பிடுகிறது, எல்லாம் பாஸ்.

அன்னைக்கு சாயங்காலம் சும்மா ஒரு ஆசையில், ஒரு டம்மி ஆர்டர் போட்டு, போனை ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் மாட்டிக்கிட்டு, வேளச்சேரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினேன். பை காலி. சாப்பாட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை. லேட்டானால் என் சம்பளத்தில் பத்து பைசா குறையாது. இருந்தும் அந்த பீப் ஆரம்பித்ததும் என் கை தானாகத் திருகியது. சிக்னல் சிவப்பு விழுந்த பிறகு தாண்டினேன். குறுக்கே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் பிரேக் பிடித்தார். அவர் பிடித்தார், நான் பிடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து வண்டியை ஸ்டாண்ட் போடும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்தரைக்கு மீட்டிங். "ரிலீஸ் பண்ணலாமா, டெஸ்டிங் சைடுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். அதற்காகக் காசு கட்டிய கிளையன்ட் காத்திருந்தார். தேதி சொல்லியாகிவிட்டது. ரூமில் இருந்த எட்டுப் பேரில் அந்த டைமரோடு ரோட்டில் போனவன் நான் ஒருத்தன்தான். நான் சொன்னது: "எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ்."

பொய் இல்லை. பாஸ்தான்.

மதியம் ரிலீஸ் ஆனது. அந்த டைமரால் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வீலர் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மீட்டிங். அவர் கையில் ஒரு எண் இருந்தது, 960. அந்த எண்ணை வைத்தே அவர் காரை விற்றிருக்கலாம். வாங்க ஆள் தயாராக இருந்தது. விற்றால் ஊரே பேசும். ஆனால் அந்த எண் சொல்லாத ஒன்றை வீட்டுக்குப் போகிற வழியில் அவர் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதை மறுநாள் ஆபீஸில் வந்து சொன்னார். நானும் வீட்டுக்குப் போகிற வழியில்தான் தெரிந்துகொண்டேன். நான் சொல்லவில்லை. அவர் முதலாளி, நான் ரெண்டாவது வருஷ ஊழியன், அந்த வித்தியாசம் உண்மைதான். அவர் வேண்டாம் என்றால் நின்றுவிடும், நான் வேண்டாம் என்றால் நின்றிருக்காது. ஒருவேளை பீப் சத்தத்தையாவது எடுத்திருப்பார்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம். கேட்டுப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

கார் கதையை முடித்துவிடுகிறேன். 2003இல் டிவிஆர் ஒரே ஒரு ஸ்பீட் 12-ஐ விற்பனைக்கு விட்டது. விளம்பரம் கொடுத்தது எங்கே தெரியுமா? 'ஆட்டோ டிரேடர்'. பழைய கார் வாங்க விற்க அப்போது எல்லோரும் பார்த்தார்களே, அந்தப் பத்திரிகை. ஆனால் காசு கொண்டுவந்தவருக்கெல்லாம் கொடுக்கவில்லை. வாங்க வந்தவர்களை வீலரே நேரில் பார்த்துப் பேசினார். இவன் கையில் இந்தக் காரைக் கொடுக்கலாமா என்று அவருக்குத் தோன்ற வேண்டும். பொண்ணு கொடுக்கிற மாதிரிதான்.

அடுத்த வருஷம், 2004இல், வீலர் கம்பெனியையே விற்றுவிட்டார். வாங்கியவர் நிகோலாய் ஸ்மோலென்ஸ்கி என்ற ரஷ்யர், அப்போது வயசு 24. 2006இல் பிளாக்பூல் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை பார்த்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். 2009இல் வீலர் இறந்தார். அந்த ஒரு கார் மட்டும் அவ்வப்போது கார் விழாக்களில் தலைகாட்டும். வீடியோ தேடிப் பாருங்கள். ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பாருங்கள்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். டெஸ்டிங் ரிப்போர்ட்டின் கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: 'ஓட்டிப் பார்த்தபோது எப்படி இருந்தது?' யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். சில சமயம் ஒரே வார்த்தை. சில சமயம் நாலு வரி. ஒரே ஒரு முறை அதைப் படித்துவிட்டு ரிலீஸை மூன்று நாள் தள்ளி வைத்தார்கள். ஒரு முறைதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு மீட்டிங் இருந்திருக்கும். சொன்னவங்களும் இருப்பீங்க, என்னை மாதிரி சொல்லாம விட்டவங்களும் இருப்பீங்க. ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அனுமதி கொடுத்தா அடுத்த எபிசோடில் போடறேன். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம்.

ஓரமா வண்டியை நிறுத்தினவங்க, இப்போ கிளம்பலாம். மெதுவா போங்க. அடுத்த வாரம் பேசுவோம்.